நாலு அங்குலப் பாடம்

உலகில் பாடம் படிப்பவர்கள் இரண்டு வகை. பட்டுத் தெரிந்துகொள்பவர்கள் முதல் வகை. இவர்கள் சாமானியர்கள். அடுத்தவர் பட்டதைப் பதிவேற்றி, வகைப்படுத்தி, நிறம் கொடுத்து, பத்திரமாகப் பூட்டி வைப்பவர்கள் இரண்டாம் வகை. மனித நாகரிகம் என்பதே முதல் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு ஏறி வந்த படிக்கட்டுதான் என்பது என் தாழ்மையான கருத்து. அந்தப் படிக்கட்டின் உச்சிப்படி நியூஜெர்சியில், பிஸ்கட்டவேயில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருக்கிறது. அடியேன் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.

பத்தொன்பது நாடுகள் சேர்ந்த ஒரு ராணுவக் கூட்டணி. பெயரைச் சொல்ல என் வேலை ஒப்பந்தம் இடம் தராது. சண்டை, பயிற்சி, அமைதிப் பணி எல்லாவற்றையும் அவர்களே செய்துகொள்கிறார்கள். அவற்றிலிருந்து பாடம் கற்றுக்கொள்ள மட்டும் நேரமில்லை. அதனால் அந்த ஒரு வேலையை எங்கள் கம்பெனிக்கு கான்ட்ராக்ட் விட்டிருக்கிறார்கள். அடி அவர்களுக்கு, அறிவு எங்களுக்கு. பையனுக்குப் பதிலாக வாத்தியாரே பரீட்சை எழுதுவது போலல்லவா இருக்கிறது என்று சிலர் கேட்பதுண்டு. பொறாமைக்காரர்கள் எங்கேதான் இல்லை?

எங்கள் பிரிவின் ஆங்கிலப் பெயர் ஒரு மூச்சில் சொல்லி முடியாது. தமிழில் நான் அதற்கு 'பட்டறிவுப் பிரிவு' என்று பெயரிட்டிருக்கிறேன். அதன் டைரக்டர் பத்ரி. மயிலாப்பூரில் பிறந்து, ஜெர்சி சிட்டியில் வங்கிகளுக்கு சாஃப்ட்வேர் எழுதி, தலை நரைத்தபின் ராணுவத்துக்கு வந்தவர். அவருடைய பெருந்தன்மையை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: யார் மேலும் கோபப்பட்டதில்லை, எதைப் பற்றியும் முடிவெடுத்ததில்லை.

எங்கள் முறை எளிமையானது. களத்தில் ஒரு சிப்பாய் ஏதோ கோளாறைப் பார்த்து எழுதி அனுப்பினால் அது 'கவனிப்பு'. வெள்ளை நிறம். நாங்கள் அதை ஆராய்ந்து, ஆமாம், கோளாறுதான் என்று ஒப்புக்கொண்டால் அது 'கண்டறியப்பட்ட பாடம்'. மஞ்சள் நிறம். யாராவது அந்தக் கோளாறை உண்மையிலேயே சரிசெய்துவிட்டால் அது 'கற்றுக்கொள்ளப்பட்ட பாடம்'. பச்சை. வெள்ளையை மஞ்சளாக்குவது எங்கள் பொறுப்பு. மஞ்சளைப் பச்சையாக்குவது பத்தொன்பது நாடுகளின் பொறுப்பு. நான் சேர்ந்த புதிதில் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துவிட்டு மிரண்டு போனேன். மாரியம்மன் திருவிழாக் கூட்டம் போல ஒரே மஞ்சள்.

"பத்ரி, ஒண்ணுகூட பச்சையா இல்லீங்களே?"

"மஞ்சள் மங்களகரம், சபரி," என்றார் பத்ரி.

அன்றிலிருந்து நான் நிம்மதியாக இருந்தேன். போன வசந்தத்தில் நிருஜா வந்து சேரும்வரை.

நிருஜா யாழ்ப்பாணத்தில் பிறந்து டொரொன்டோவில் வளர்ந்தவர். மெக்கானிக்கல் எஞ்சினியர். கல்யாணமாகி நியூஜெர்சிக்கு வந்தவர். கெட்டிக்காரி. ஆனால் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது: பதிவுகளைத் திறந்து வாசிப்பார். எங்கள் பிரிவில் யாருக்கும் அந்தப் பழக்கம் கிடையாது. சேர்ந்த இரண்டாவது வாரமே டீக் கோப்பையோடு என் மேசைக்கு வந்து நின்றார்.

"சபரி அண்ணா, இதென்ன? ஒரே ஸ்ட்ரெச்சரைப் பற்றி ஒவ்வொரு வருஷமும் எழுதியிருக்கினம்."

எட்டிப் பார்த்தேன். விஷயம் இதுதான். கூட்டணியில் வடக்கே ஒரு நாடு. அங்கே ஆட்கள் நெட்டை, அதனால் அவர்களுடைய ஸ்ட்ரெச்சரும் நெட்டை. தெற்கே ஒரு நாடு. அவர்களுடைய ஆம்புலன்ஸ் குட்டை. கூட்டுப் பயிற்சியில் வடக்கத்தி ஸ்ட்ரெச்சரைத் தெற்கத்தி ஆம்புலன்ஸில் ஏற்றினால் நாலு அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நிற்கும். கதவு மூடாது.

"அது பழைய கேஸுங்க," என்றேன். "எங்க ஆபீஸோட மூத்த பிள்ளை மாதிரி."

"இதை ஏன் ஒருத்தரும் திருத்தேல்லை?"

"திருத்தறதுக்கு முன்னாடி கோளாறுக்குப் பேர் வைக்கணுமே? ஸ்ட்ரெச்சர் நீளம்னு தெற்கு சொல்லுது. ஆம்புலன்ஸ் குட்டைன்னு வடக்கு சொல்லுது. அதுல ரெண்டு வருஷம் போச்சு. கடைசியில எல்லாரும் ஒத்துக்கிட்ட பேரு 'இடப் பொருத்தமின்மை'. பேர் வெச்சதுக்கு விருந்துகூட நடந்துச்சு."

நிருஜா டீயை மேசையில் வைத்தார். "கைபிடிக்கு ஒரு கீல் வைச்சு மடிக்கிற மாதிரிச் செய்தா முடிஞ்சுது. ஒரு பின்னேர வேலை அண்ணா!"

அவருக்கு இந்த உலகம் புதிது என்று எனக்கு உறுதியானது அப்போதுதான். இருந்தாலும் அவர் விடவில்லை. கீல் வைத்த கைபிடிக்குப் படம் வரைந்து, அடுத்த வீடியோ கூட்டத்தில் கூட்டணியின் கர்னலுக்கே காட்டிவிட்டார். கர்னல் மிகுந்த மரியாதையோடு பார்த்தார்.

"அபாரம். ஆனால் நீங்கள் அவசரப்பட்டு தீர்வுக்குத் தாவுகிறீர்கள். பிரச்சினைக்கு உரிமையாளர் யார் என்று இன்னும் முடிவாகவில்லை."

"ஆரும் உரிமை எடுக்காட்டில்?"

"அருமையான கேள்வி. அதை ஒரு கவனிப்பாகப் பதிவு செய்யுங்கள்."

பதிவு செய்தோம். ஒரு வாரத்தில் அதுவும் மஞ்சளானது. மூத்த பிள்ளைக்குத் தங்கை பிறந்த மகிழ்ச்சியில் பத்ரி எல்லாருக்கும் சமோசா வாங்கினார்.

ஆகஸ்ட் மாதம் டெக்சஸில் பெரிய பயிற்சி. பெயர் 'ஒற்றைக் கேடயம்'. பாடங்கள் பிறக்கும் இடத்தை நேரில் தரிசிக்க பத்ரி, நிருஜா, நான் மூவரும் போனோம். வாடகைக் கார் தீர்ந்துவிட்டதென்று விமான நிலையத்தில் ஒரு பிக்கப் ட்ரக்கை எங்கள் தலையில் கட்டிவிட்டார்கள். "மாடு ஏத்தற வண்டியிலயா போறது?" என்று பத்ரி கூச்சப்பட்டார்.

டெக்சஸ் வெயிலைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பல்லியே நிழல் தேடும். அந்த வெயிலில் பத்ரி நேவி ப்ளூ பிளேசர், டை சகிதம் மேடையேறி, 'கற்கும் கூட்டணி, வெல்லும் கூட்டணி' என்ற பேனருக்குக் கீழே நின்று சிப்பாய்களுக்கு உரையாற்றினார். "தவறு செய்யப் பயப்படாதீர்கள். ஒவ்வொரு தவறும் எங்களுக்கு ஒரு பொக்கிஷம்," என்றார். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். பிறகு விழுந்தார்.

சிப்பாய்கள் கைதட்டினார்கள்.

அவர்கள் மேல் தப்பில்லை. அன்றைய பயிற்சியில் காயம்பட்டவர்களாக நடிப்பதற்கென்றே ஒரு படை இருந்தது. காலையிலிருந்து ஆங்காங்கே விழுந்துகொண்டிருந்தார்கள். மருத்துவச் சிப்பாய் ஒருவர் ஓடி வந்து பத்ரியின் முகத்தைப் பார்த்து வியந்தார். "வேர்வையெல்லாம் தத்ரூபம்." பிறகு பத்ரியின் கழுத்தைத் தடவினார். நடிப்புக் காயக்காரர் ஒவ்வொருவர் கழுத்திலும் என்ன காயம் என்று எழுதிய அட்டை தொங்கும். பத்ரியிடம் பார்வையாளர் அட்டைதான் இருந்தது.

"அட்டை இல்லாமல் இவருக்கு எந்த வைத்தியம் செய்வது?" என்று கேட்டார்.

"இது நடிப்பில்லை!" என்று நிருஜா கத்தினார்.

"நடிப்புக் காயக்காரர்களின் உறவினராக நடிப்பவர்களும் இப்படித்தான் கத்துகிறார்கள், மேடம்."

நிஜமான ஆபத்து என்று அறிவிக்க அங்கே தனியாக ஒரு சங்கேத வார்த்தை உண்டு. அது பார்வையாளர்களுக்குச் சொல்லப்படுவதில்லை. அந்தக் குறையும் எங்களிடம் மஞ்சளில் பத்திரமாக இருக்கிறது. நிருஜா அந்தச் சிப்பாயின் கையைப் பிடித்திழுத்து பத்ரியின் நாடியில் வைத்தார். சிப்பாயின் முகம் மாறியது. அதற்குமேல் எல்லாம் மின்னல் வேகம். ஹெலிகாப்டரைக் கூப்பிட்டார்கள். அது நடிப்புக் காயக்காரர்களை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. ஸ்ட்ரெச்சரைக் கூப்பிட்டார்கள். வந்தது வடக்கத்தி ஸ்ட்ரெச்சர். ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள். தெற்கத்தி ஆம்புலன்ஸ் வந்து நின்றது.

எத்தனையோ முறை திரையில் மஞ்சளாகப் பார்த்த காட்சியை அன்றுதான் கண்ணால் பார்த்தேன். தலை உள்ளே, ஏசியில். கால் வெளியே, டெக்சஸில். கதவைத் தள்ளினார்கள், ஸ்ட்ரெச்சரைச் சாய்த்தார்கள், திருப்பினார்கள். நாலு அங்குலம் நாலு அங்குலமாகவே நின்றது.

"உங்கள் வண்டி சின்னது," என்றார் வடக்கத்திச் சிப்பாய்.

"உங்கள் ஸ்ட்ரெச்சர் பெரியது," என்றார் தெற்கத்தி டிரைவர்.

"ஆளைத் தூக்கி வண்டிக்குள்ள படுக்க வெச்சிடலாமே?" என்றேன் நான். வண்டிக்குள் தனியாகப் படுக்கை கிடையாது, ஸ்ட்ரெச்சர்தான் படுக்கை, அதில்லாமல் நோயாளியை ஏற்ற விதிமுறை இல்லை என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். அன்று முழுவதும் அவர்கள் ஒத்துப்போன ஒரே இடம் அது.

பத்ரி கண்ணைத் திறந்தார். "சபரி... இது அதுவா?"

"அதேதாங்க."

"இடப் பொருத்தமின்மை..." என்று முனகினார். வலியிலும் அவர் குரலில், போட்டோவில் மட்டும் பார்த்திருந்த பேரனை நேரில் பார்த்தது போல ஒரு குழைவு இருந்தது.

"கதைக்காதேங்கோ, மூச்சை விடுங்கோ," என்று அதட்டிவிட்டு நிருஜா ஓடினார். புழுதியைக் கிளப்பிக்கொண்டு பிக்கப் ட்ரக் பின்பக்கமாக வந்து நின்றது. பின்கதவைச் சாய்த்து ஸ்ட்ரெச்சரை ஏற்றினோம். இன்னொரு ஸ்ட்ரெச்சர் வைக்கவும் இடமிருந்தது. மருத்துவச் சிப்பாய் ஆக்சிஜனோடு ஏறிக்கொண்டார். நான் மேடையிலிருந்து அந்தப் பேனரைக் கிழித்தெடுத்து, வழியெல்லாம் பத்ரிக்கு வெயில் படாமல் பிடித்துக்கொண்டு வந்தேன். எங்கள் பிரிவின் கொள்கை வாசகம் ஒரு மனிதருக்குப் பயன்பட்டதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பத்ரி பிழைத்தார். ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கஷ்டம் என்றார் டாக்டர். மறுநாள் காலை நியூயார்க்கிலிருந்து விமானம் பிடித்து அவர் மனைவி சாரதா அக்கா வந்து இறங்கினார். கணவரின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். அழுதார். அழுது முடித்ததும் என் பக்கம் திரும்பினார்.

"சபரி, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. ஒரு கட்டை நாலு இன்ச் நீளம். அதை ஏன் யாரும் வெட்டல?"

"ஓனர் யாருன்னு இன்னும் ஃபைனலைஸ் ஆகலக்கா."

"கட்டைக்கா?"

"பிரச்சினைக்குங்க."

சாரதா அக்கா என்னை ரொம்ப நேரம் பார்த்தார். என் பதிலில் ஏதாவது குறையிருந்திருந்தால் அவர் எதிர்த்துப் பேசியிருப்பார். பேசவில்லை. அவரை என் விளக்கம் திருப்திப்படுத்திவிட்டது என்றே எடுத்துக்கொண்டேன்.

ஆனால் பத்ரி மாறியிருந்தார். படுக்கையிலிருந்து நிருஜாவின் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருஷத்தில் அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

"நீ இல்லன்னா நான் இல்லம்மா. அந்தக் கதவு ஆடிண்டே இருந்தது. வெயில்ல எரிஞ்ச காலைத் தவிர அப்போ வேற எதுவும் எனக்கு ஞாபகம் வரல. இதை நான் பச்சை ஆக்காம விடமாட்டேன். சாரதா மேல சத்தியம்."

"உங்க மேலயே பண்ணிக்கோங்கோ," என்றார் சாரதா அக்கா. "நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கணும்."

அக்டோபரில் மீளாய்வுக் கூட்டம். பத்தொன்பது நாடுகளின் பிரதிநிதிகளும் திரையில் கட்டம் கட்டமாக வந்து உட்கார்ந்தார்கள். பத்ரி இளைத்திருந்தார். வழக்கமான ஸ்லைடுகள் எதையும் காட்டவில்லை. நடந்ததை அப்படியே சொன்னார். வெயிலில் கால் எரிந்ததை, இரண்டு பேர் கால்மாட்டில் நின்று சண்டை போட்டதை, சாகப்போகிறோம் என்று நினைத்தபோது மனைவியின் பெயர்கூட வாயில் வராததை. கூட்டணி வரலாற்றில் முதன்முறையாக ஒருவரும் தன் மைக்கை ஆன் செய்யவில்லை. ஒரு பிரதிநிதி மூக்கைச் சிந்தினார்.

கர்னல் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இவ்வளவு காலம் இந்தப் பாடத்துக்கு ஒரு முகம் இல்லாமல் இருந்தது. இன்று கால்கள் கிடைத்திருக்கின்றன. இனியும் தாமதிப்பது குற்றம்."

அரை மணி நேரத்தில் ஏகமனதாக முடிவெடுத்தார்கள். ஒன்று: இனி பயிற்சிக்கு வருகிற பார்வையாளர் எவரும் இதயம் நன்றாக இருப்பதாக டாக்டர் சான்றிதழ் கொண்டுவர வேண்டும். இரண்டு: வடக்கத்தி ஸ்ட்ரெச்சரும் தெற்கத்தி ஆம்புலன்ஸும் இனி ஒரே பயிற்சி மைதானத்தில் நிறுத்தப்படக் கூடாது. ஆகவே பயிற்சிகளில் 'இடப் பொருத்தமின்மை' இனி நிகழ வாய்ப்பே இல்லை. ஆகவே பாடம் கற்றுக்கொள்ளப்பட்டது. அதோடு, ஆண்டின் சிறந்த பாடத்துக்கான கேடயம் பிஸ்கட்டவேக்கு.

"ஆனால் கர்னல், ஸ்ட்ரெச்சர்..." என்று பத்ரி ஆரம்பித்தார்.

"உங்கள் கான்ட்ராக்ட் புதுப்பிப்பும் இந்த வாரம்தான் வருகிறது, பத்ரி. இப்படியொரு வெற்றிக் கதையோடு வருவது எங்களுக்கு எவ்வளவு வசதி தெரியுமா?"

மேசைக்கு அந்தப் பக்கமிருந்து நிருஜா தாழ்ந்த குரலில் சொன்னார்: "ஓம் எண்டு சொல்லாதேங்கோ. இல்லை எண்டு சொல்லுங்கோ. ஒரு சொல்லுத்தானே?"

பத்ரி அவரைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். எங்கள் பிரிவில் வேலை பார்க்கும் நாற்பது பேரில் பாதிப் பேர் கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர்கள். அதை அவர் நினைத்தாரோ, வீட்டுக் கடனை நினைத்தாரோ, எனக்குத் தெரியாது. உதடு ஒரு தடவை அசைந்தது.

"நன்றி, கர்னல்," என்றார்.

மூத்த பிள்ளை பச்சையாயிற்று. கேக் வெட்டினோம். நிருஜா கேக்கைத் தொடவில்லை.

"பத்ரி, நான் ஒண்டு சொல்லுறன், கேளுங்கோ. எங்கட ஊரில ஷெல் விழேக்க ஸ்ட்ரெச்சருக்கு எங்க போறது? வீட்டுக் கதவைக் கழட்டித்தான் ஆக்களைத் தூக்கினவை. கதவு வான் வண்டிக்குள்ள அடங்காட்டில் மரம் அரியிற வாளெடுத்து அறுத்துப் போட்டு ஏத்தினவை. ஒருத்தரும் மீற்றிங் வைக்கேல்லை. வைச்சிருந்தா நான் இண்டைக்கு இங்க இருந்திருக்க மாட்டன். அந்தக் கதவில கிடந்தது நான்தான்."

பத்ரி கையிலிருந்த கேக் தட்டைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரியும்மா," என்று மட்டும் சொன்னார். எது தெரியும் என்று அவர் சொல்லவில்லை. கம்பெனி மேலிடத்து வெள்ளைக்காரர் ஒருவர் வந்து கேடயத்தோடு போட்டோ எடுக்க அவரை அழைத்துப் போனார்.

ஜனவரியில், கூட்டணி அமைதிப் பணியில் இருந்த ஒரு மலைநாட்டில், பனியில் லாரி ஒன்று சறுக்கிக் கவிழ்ந்தது. இது பயிற்சியல்ல. ஆகவே ஸ்ட்ரெச்சரையும் ஆம்புலன்ஸையும் பிரித்து வைக்கும் விதி இங்கே செல்லாது. ஒரு சிப்பாய்க்குத் தொடை எலும்பு முறிந்திருந்தது. பிழைத்திருக்கக்கூடிய காயம். ஆம்புலன்ஸ் கதவு மூடாததால் கயிற்றால் கட்டினார்கள். மலைப்பாதையின் மூன்றாவது வளைவில் கயிறு அறுந்தது. அதற்குப் பிறகு நடந்ததை அறிக்கை ஒரே வரியில் சொல்லியிருந்தது. நானும் அதற்குமேல் சொல்லப் போவதில்லை.

அறிக்கை எங்களுக்கு வந்த காலையில் நிருஜாதான் அதைப் பதிவேற்ற உட்கார்ந்தார். திரை ஏற்றுக்கொள்ளவில்லை. 'இந்தப் பாடம் ஏற்கெனவே கற்றுக்கொள்ளப்பட்டுவிட்டது' என்று பச்சை எழுத்தில் அறிவித்தது. நிருஜா மறுபடி முயன்றார். மறுபடியும் அதையே சொன்னது. திரையை பத்ரியின் பக்கம் திருப்பினார்.

பத்ரி குனிந்து வாசித்தார். நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தார். முகம் டெக்சஸில் இருந்தது போலவே வெளுத்திருந்தது. ஏதோ பெரிதாகச் சொல்லப்போகிறார் என்று நாங்கள் காத்திருந்தோம்.

"வேற கேட்டகிரியில போட முடியுமா?" என்றார்.

நிருஜா எழுந்து கோட்டை எடுத்துக்கொண்டு போனவர்தான். திரும்பி வரவில்லை.

இப்போது விசாரணைக் கமிஷன் அமைத்திருக்கிறார்கள். அந்தச் சிப்பாயின் குடும்பம் வழக்கறிஞர் வைத்திருக்கிறது. இந்தச் சிக்கலான நேரத்தில் கூட்டணியின் மானத்தைக் காப்பாற்றும் பொறுப்பு எங்கள் பிரிவிடம் வந்திருக்கிறது. அந்த நாலு அங்குலத்தைப் பற்றி வருஷாவருஷம் வந்த பதிவுகள் எல்லாவற்றையும் நான் தேதிவாரியாக அடுக்கிவிட்டேன். ஒன்றுகூடத் தொலையவில்லை. கமிஷன் முன்னால் நிமிர்ந்து நின்று சொல்லப் போகிறேன்: தெரியாமல் கொன்றுவிட்டோம் என்று எங்களைப் பார்த்து எவனும் சொல்ல முடியாது.